துருவுக்கு ரெண்டு நிமிச மௌனம்

சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எங்க வீட்டு மனுசன் சங்கை ஊதல, துவக்கைக் கழுவிட்டாரு.

எங்க கருங்கல்மேட்டுத் தோட்டம் பூனாகலைக்கு மேல இருக்கு. கம்பெனித் தோட்டம் இல்ல, அபேகோன் தொரையோட சொந்தத் தோட்டம். தேயிலை அவரோடது, பங்களா அவரோடது, நாங்க குடியிருக்குற லயமும் அவரோடது. நான் கொழுந்து எடுக்குறேன். வீரய்யா, அதான் எங்க வீட்டு மனுசன், பங்களா வாச்சர். அந்த வாச்சர் வேலைக்குத்தான் எங்களுக்கு லயத்துல குடியிருக்க ஒரு காம்பரா குடுத்திருக்கு. வேலையாளுங்க பேரு எழுதுற செக்ரோல்ல அவரு பேரை வெட்டுனா காம்பராவும் போச்சு. சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நிக்க வேண்டியதுதான். அப்பிடி நின்ன குடும்பத்தை நான் கண்ணால பாத்திருக்கேன். அதனால தொரை தும்முனாக்கூட எனக்கு நெஞ்சு படபடங்கும்.

பங்களா மண்டபத்துல ஒரு கண்ணாடி அலுமாரி. அதுக்குள்ள மூணு துவக்கு. அந்தக் காலத்துப் பெரிய சண்டையில ஜெர்மன் பட்டாளம் தூக்குனதாம். சுடாது. ஊசியைக் கழட்டிட்டுத்தான் வச்சுக்கச் சொல்லி கவுருமெண்டு விட்டிருக்கு. அதோட சேந்த சாமானுங்களும் இருக்கு. முனையில மாட்டுற குத்துக்கத்தி, தோட்டாப் போடுற தோல் பை, எண்ணெய் டப்பா, கொழாய்க்குள்ள விட்டுக் குத்துற கம்பி, கொழாய் வாய்க்குள்ள தூசி போகாம மூடுற இத்துனூண்டு மூடி. கட்டையில, கொழாய்ல, பூட்டுல எல்லாத்துலயும் ஒரே நம்பரு அடிச்சிருக்கணுமாம். ஒண்ணு மாறுனாலும் கலப்புன்னு தொரைமாரு மூஞ்சியைச் சுளிப்பாங்க. நம்ம சனம் பொண்ணு பாக்குறப்பகூட இவ்வளவு குலம் கோத்திரம் விசாரிக்கிறதில்ல.

அலுமாரிச் சாவி வீரய்யா இடுப்புலதான் இருக்கும். கண்ணாடியைத் துடைக்கலாம், உள்ள இருக்குறதுல கை படக் கூடாதுங்கிறது தொரையோட சட்டம்.

ஆயுத பூசை வந்திச்சு. தோட்டத்துல கவ்வாத்துக் கத்தி, மம்பட்டி, பக்டரி மிசினு எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வைக்கிறது வழக்கம். தொரை கொழும்புல இருந்தாரு. வீரய்யா பங்களாக் குசினிக் கத்தி, புல்லு வெட்டுற மிசினு எல்லாம் தேய்ச்சு முடிச்சிட்டு என்கிட்ட ஓடி வந்தாரு.

"தேங்கா திருவுற அருவாமனைக்கெல்லாம் பொட்டு வைக்கிறோம். நெசமான ஆயுதம் அலுமாரிக்குள்ள துருப்புடிச்சுக் கெடக்கு. அதை விட்டுட்டுப் பூசை பண்ணா சாமி காறித் துப்பாதா புள்ள?"

எனக்கும் அது ஞாயமாத்தான் பட்டிச்சு. புளியும் அடுப்புச் சாம்பலும் குடுத்து விட்டதே நாந்தான்.

தேங்காப் பொச்சை வச்சுத் தேய்ச்சாரு பாருங்க, மூணு துவக்கும் எவர்சில்வர் தட்டு மாதிரி ஆயிருச்சு. தோல் பையைச் சவுக்காரம் போட்டு அலசி வேலியில காயப்போட்டாரு. அது சுருங்கிச் சுருக்குப்பை அளவுக்கு வந்திருச்சு. குத்துக்கத்தி முனையில எலுமிச்சம்பழம், கொழாய் வாயில செவ்வந்திப்பூ, எண்ணெய் டப்பாவுல விபூதி. பாக்கவே கண்ணு நெறஞ்சிருந்திச்சு. சாம்பிராணிப் புகை அடங்கல, பங்களா வாசல்ல தொரையோட ஜீப்பு வந்து நின்னுச்சு.

தொரை உள்ள வந்து பாத்தாரு. சத்தமே போடல. திட்டுற தொரையை நம்பலாம், திட்டாத தொரையை நம்பக் கூடாது. மெதுவாப் போயி ஒரு துவக்கைத் தொடக் கையை நீட்டுனாரு. எங்க வீட்டு மனுசன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தாரா?

"இன்னைக்குத் தொடக் கூடாதுங்க தொரை. ஆயுதம் ஓய்வெடுக்குது. நாளைக்குத் தொடலாம்."

தொரை கதிரையில உக்காந்து அழுதாரு. "நூறு வருசத் துரு, வீரய்யா. நூறு வருசத் துரு போச்சே."

துரு போன சந்தோசத்துலதான் அழுவுறாருன்னு மொதல்ல நாங்க நெனச்சோம். வீரய்யா, "அடுத்த வருசமும் செஞ்சு தர்றேங்க தொரை"ன்னு வேற சொல்லித் தொலைச்சாரு.

அப்பறந்தான் தொரை எழும்பி நின்னு சொன்னாரு. பழைய துவக்கு வச்சிருக்குற தொரைமாரோட மன்றத்துக்கு அறிவிக்கணுமாம். மன்றம் விசாரிக்குமாம். குத்தம்னு முடிவானா பேரு வெட்டு.

அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. மலையில நின்னா கை கொழுந்து எடுக்கும், மனசு சட்டி பானையை மூட்டை கட்டும். எங்க மக தயானிக்குப் பெரிய படிப்புக்கு மட்டக்களப்பு கெம்பஸ் கெடச்சிருந்த நேரம். புள்ளையை எந்த வீட்டுலேர்ந்து அனுப்புவேன், லீவுல எந்த வீட்டுக்கு வருவா? ராத்திரி பகலா எனக்கு இதே நெனப்புதான்.

மன்றம் வந்திச்சு. 'ஊவா மரபுத் துவக்குப் பாதுகாவலர் மன்றம்'னு வேன்ல துணி கட்டியிருந்தாங்க. தலைவரு எங்க தொரைதான். செயலாளரு வெலகெதர மேஜர், பட்டாளத்துல இருந்து ஓய்வெடுத்தவரு. கொழும்புலேர்ந்து பெல்பொல டொக்டர்னு ஒருத்தரு. நோய்க்கு வைத்தியம் பாக்குற டொக்டர் இல்ல, துருவைப் பத்திப் படிச்ச டொக்டராம். பொருளாளரு நம்ம ஆளு, பதுளைக் கடைத்தெருவுல இரும்புக்கடை வச்சிருக்குற லிங்கம் முதலாளி. தொரைக்குத் தோட்டத் தமிழ் வரும். மத்தவங்க சிங்களத்துல பேசுறதை லிங்கம் முதலாளிதான் எங்களுக்குத் தமிழ்ல சொன்னாரு. எல்லாரும் கையில வெள்ளை உறை போட்டிருந்தாங்க. பின்னால இன்னும் கொஞ்சம் தொரைமாரும் வெள்ளை உறையோட நின்னாங்க.

மேசையில வெள்ளைத்துணி விரிச்சு மூணு துவக்கையும் கெடத்தியிருந்திச்சு. எழவு வீடு மாதிரியே இருந்திச்சு. டொக்டர் ஒரு பூதக்கண்ணாடியை வச்சு ஒவ்வொண்ணாக் குனிஞ்சு பாத்தாரு. கடைசியில நிமுந்து தலையை ஆட்டுனாரு. உடனே எல்லாரும் எழும்பி, போன துருவுக்காக ரெண்டு நிமிசம் மௌனமா நின்னாங்க. நானும் வீரய்யாவும் நின்னோம். போன வருசம் மண்ணு சரிஞ்சு எங்க லயத்துக் கெழவி ஒருத்தி செத்தப்ப ஒரு தொரையும் நிக்கல. ஆனா அன்னைக்கு அந்த நெனப்பு வந்ததுக்கே நான் பயந்துட்டேன், மூஞ்சியில தெரிஞ்சிருமோன்னு.

டொக்டர்தான் மொதல்ல பேசுனாரு.

"இது சாதாரணத் துரு இல்ல. இந்தத் துவக்கைத் தூக்குன சிப்பாய் சேத்துல விழுந்து செத்தான். அவன் வேர்வை, அவன் ரத்தம், எல்லாம் இதுல ஊறி இருந்திச்சு. எவ்வளவு அழகான கறை! அதைப் போயி இந்த மனுசன் கழுவிட்டான்."

ரத்தக்கறைன்னா கழுவத்தானே வேணும்னு எனக்கு வாய்வரைக்கும் வந்திச்சு. முழுங்கிட்டேன்.

அடுத்தது மேஜர். வீரய்யாவைச் சுத்தி ஒரு நடை நடந்தாரு.

"இந்தக் குத்துற கம்பியை இழுத்து வெளிய எடுக்க எனக்கே ரொம்ப நாள் புடிச்சிச்சு. நீ எடுத்திருக்க. யாரு உனக்குப் பயிற்சி குடுத்தது?"

பயிற்சிங்கிற சொல்லை லிங்கம் முதலாளி தமிழ்ல சொன்னதும் எனக்கு எங்க பெரியண்ணன் நெனப்பு வந்திச்சு. நம்ம நாட்டுச் சண்டைக் காலத்துல அவரைப் பதுளை பஸ் ஸ்டாண்டுல புடிச்சாங்க. சட்டைப்பையில டோர்ச் லைட்டுக்குப் போடுற பெட்டரி ரெண்டு இருந்திச்சு, குண்டு வைக்கத்தான்னுட்டாங்க. அவரையும் இதே கேள்விதான் கேட்டாங்களாம். திரும்பி வந்தப்ப அவருக்கு ஒரு காது கேக்கல. வீரய்யா தமிழ் ஆளு, கை வச்சது துவக்குல, எதிர்ல மேஜர். இதுக்கு மேல சொல்ல என்ன இருக்கு?

"பயிற்சியெல்லாம் இல்லீங்க ஐயா"ன்னு வீரய்யா சொன்னாரு. "பங்களாக் கக்கூசு அடைச்சுக்கிட்டா இந்த மாதிரிக் கம்பியிலதான் குத்துவேன்."

மேஜர் அதைக் குறிச்சுக்கிட்டாரு. "அந்தக் கக்கூசு எந்த நாட்டுத் தயாரிப்பு?"

தெரியலீங்கன்னாரு வீரய்யா. மறைக்கிறான்னு மேஜர் முடிவு பண்ணிட்டாரு.

கடைசியா எங்க தொரை எழும்புனாரு.

"இந்தத் துவக்கை எங்க தாத்தா வாங்குனாரு. அவரு ஒரு நாளும் இதைத் துடைச்சதில்ல. எங்க அப்பா தொட்டதே இல்ல. நானும் ஒரு துரும்பை எடுத்து அங்கிட்டு இங்கிட்டு வச்சதில்ல. மூணு தலைமுறையா எங்க குடும்பத்துல யாரும் ஒரு வேலையும் செஞ்சதில்ல! அந்தப் பாரம்பரியத்தை ஒரே நாள்ல இவன் அழிச்சிட்டான்."

எல்லாரும் கை தட்டுனாங்க. உறை போட்ட கை, பொத்துப் பொத்துன்னுதான் கேட்டிச்சு. லிங்கம் முதலாளி கண்ணைத் துடைச்சுக்கிட்டு எங்க பக்கம் குனிஞ்சு, "கேட்டுக்க வீரய்யா, பெரிய எடத்துப் பேச்சு"ன்னாரு.

தீர்ப்பைத் தள்ளி வச்சாங்க. போன துருவைத் திரும்பக் கொண்டுவந்தா மன்னிப்பாம். இல்லாட்டி பேரு வெட்டு. டொக்டர் வழி சொல்லிக் குடுத்தாரு. வெள்ளனத் துவக்கைப் பனியில வைக்கணும், உப்புத்தண்ணி தெளிக்கணும், ஈரச்சாக்குப் போத்தணும். சளி புடிச்ச புள்ளைக்குப் பண்ணக் கூடாதுன்னு சொல்றதெல்லாம் துவக்குக்குப் பண்ணணும்.

வீரய்யா தெனம் விடிஞ்சதும் மூணு துவக்கையும் நெஞ்சோட அணைச்சுத் தூக்கிக்கிட்டு மலைக்கு வந்தாரு. காலையில பேரு குடுக்குற பெரட்டுக் களத்துல நின்ன பொம்பளைங்க அதைப் பாத்துட்டுச் செதறி ஓடுனாங்க. கங்காணி தேயிலைக்குள்ள குந்திக்கிட்டு, "அண்ணே, சம்பளத்தை நான் வெட்டல, மேல உள்ளவங்கதான்"னு கத்துனாரு. எனக்குச் சிரிக்கத் தெம்பு இல்ல. நான் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். பொலிஸ் வந்து கேட்டா, துருப்புடிக்க வச்சிருக்கோம்னு சொல்ல முடியுமா? சொன்னா நம்ப யாரு இருக்கா?

நெனச்ச மாதிரியே ஒரு நாள் பொலிஸ் ஜீப்பு வந்திச்சு. வீரய்யா மூணு துவக்கையும் கட்டிப்புடிச்சுக்கிட்டு ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள படுத்துட்டாரு. நான் இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்கை அவுத்து அவரு மேல போட்டு, மேல கொஞ்சம் வெட்டிப் போட்ட தேயிலை வாதை அள்ளிப் போட்டேன். ஜீப்பு சரியா அந்த எடத்துல நின்னுச்சு. ஒரு பொலிஸ்காரரு எறங்கி நேராக் கான் பக்கம் வந்தாரு. முருகா, முடிஞ்சிச்சுடா எங்க கதைன்னு கண்ணை மூடுனேன். அவரு வந்த வேலை வேற. கான்ல நின்னு நிம்மதியா ஒண்ணுக்கு இருந்துட்டு, ஜிப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. வீரய்யா அசையவே இல்ல. எழும்பினப்ப ஒரு துவக்கு நல்லா நனைஞ்சிருந்திச்சு. அவரும்தான்.

அடுத்த முறை மன்றம் வந்தப்ப டொக்டர் பூதக்கண்ணாடியில பாத்தாரு. ரெண்டைத் தள்ளி வச்சிட்டு, நனைஞ்ச துவக்கை மட்டும் எடுத்து மோந்து பாத்தாரு. "இதுல ஒரு வரலாற்று வாசனை இருக்கு. மத்தது ரெண்டும் செவப்பா, அவசரமா வந்த துரு. வயசு பத்தாது. நூறு வருசம் வேணும்."

"நூறு வருசத்துக்கு நாங்க எங்கங்க போறது?"ன்னு கேட்டேன்.

"அதை மன்றம் யோசிக்கும்"னாரு. யோசிக்கிறதுக்குள்ள இன்னொரு இடி விழுந்திச்சு. கொழாய் வாய் மூடுற அந்த இத்துனூண்டு மூடியைக் காணோம். தோல் பை, டப்பா எல்லாம் இருக்கு, மூடி மட்டும் இல்ல. அது இல்லாட்டி முழுசும் பாழாம். ஜெர்மனியிலயே கெடைக்காதாம். வாச்சர் காம்பராவைச் சோதனை போடணும்னு மேஜர் சொன்னாரு.

மன்றம் முழுசும் எங்க லயத்துக்கு எறங்கி வந்திச்சு. அன்னைக்கு மத்தியானப் பஸ்ஸுலதான் தயானி மட்டக்களப்புக்குப் போகணும். அவ பையைக் கட்டி வாசல்ல வச்சிருந்தா. அந்தப் பையை மொதல்ல கொட்டுனாங்க. வெள்ளை உறை போட்ட கையால எங்க புள்ளையோட உள்பாவாடையெல்லாம் தூக்கித் தூக்கிப் பாத்தாங்க. அரிசி டின், சாமிப்படம், தலகாணி, ஒண்ணையும் விடல. எங்கயாச்சும் அந்தச் சனியன் மூடி வந்து கெடந்துரக் கூடாதேன்னு எனக்கு உசுரே கையில இல்ல. எடுக்கலைன்னு தெரியும். தெரிஞ்சா மட்டும் பயம் போயிருதா?

அடுப்புப் புகைக்கு மேஜருக்குக் கண்ணு எரிஞ்சிச்சு. கண்ணைத் துடைக்கப் பையிலேர்ந்து லேஞ்சியை இழுத்தாரு. லேஞ்சியோட சேந்து என்னமோ ணங்குன்னு சாணித்தரையில விழுந்து உருண்டிச்சு.

மூடி.

மேஜர் மெதுவாக் குனிஞ்சாரு. அவரு எடுத்துப் பையில போடுறதைப் பாக்கக் கூடாதுங்கிற மரியாதைக்காக மன்றத்துல எல்லாரும் ஒண்ணா அண்ணாந்து மேல பாத்தாங்க.

அப்பத்தான் டொக்டர் தொப்பியைக் கழட்டுனாரு.

"கடவுளே"ன்னாரு. "இதைப் பாருங்க."

எங்க கூரைத் தகரம். கறுப்புக் கலந்த செவப்பு, அடை அடையா, ஓட்டை ஓட்டையா. டொக்டர் எங்க கட்டில்ல ஏறி நின்னு விரலால தடவுனாரு. "உலகம் முழுசும் தேடுனேன். இங்க, இவங்க தலைக்கு மேல இருந்திருக்கு! எப்பப் போட்டது?"

"வெள்ளைக்காரன் போட்டது. எங்க தாத்தா தோட்டத்தை வாங்குறப்பவே பழசு"ன்னாரு தொரை.

"யாரு பராமரிக்கிறது?"

நாந்தான் சொன்னேன். "யாரும் இல்லீங்க. வருசா வருசம் புதுத் தகரம் கேக்குறோம். மழைக்குப் படுக்க எடமில்ல."

தொரை நெஞ்சை நிமுத்துனாரு. "உண்மைதான் டொக்டர். எங்க தாத்தாகிட்ட கேட்டாங்க, அவரு குடுக்கல. எங்க அப்பாகிட்ட கேட்டாங்க, குடுக்கல. என்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்காங்க, நான் அசையல. இந்தத் துருவை மூணு தலைமுறையா காப்பாத்துனது எங்க குடும்பம்."

பொத்துப் பொத்துன்னு கை தட்டுனாங்க. லிங்கம் முதலாளிக்கு ஒரே ஆதங்கம். "என் கடையில புதுத் தகரமா அடுக்கி வச்சிருக்கேன். என்ன பிரயோசனம்? ஒரு பொட்டுத் துரு உண்டா?"

அங்கேயே கூட்டம் போட்டாங்க. நாங்க மூணு பேரும் அடுப்போரமா ஒதுங்கி நின்னோம். டொக்டர் விளக்குனாரு. கட்டிலுக்கு மேல உள்ள தகரத்தைக் கழட்டிச் சொரண்டி, எண்ணெயில கொழைச்சுப் பூசுனா துவக்குக்கு நூறு வயசு திரும்பி வந்துருமாம். அடுப்புக்கு மேல உள்ளதைத் தொடக் கூடாதாம், அது இன்னும் முத்தணுமாம். புதுத் தகரம் போட்டா பக்கத்துத் துரு கெட்டுருமாம், அதனால கழட்டுன எடம் அப்பிடியே தொறந்து கெடக்கணுமாம்.

தொரை என் பக்கம் திரும்புனாரு. "வீரய்யாவுக்கு மன்னிப்பு. பேரு வெட்டுறதில்ல. காம்பரா உங்களுக்குத்தான்."

நான் கையெடுத்துக் கும்புட்டுத் தரையில உக்காந்துட்டேன். அழுகை பொத்துக்கிட்டு வந்திச்சு. கூரை போனா என்ன, சாக்கைப் போட்டுக்கலாம், செவுரு இருக்குல்ல. வீரய்யா என் தோளைப் புடிச்சுக்கிட்டு, "பேரு வெட்டல புள்ள, பேரு வெட்டல"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.

"இனி வெட்டவும் முடியாது"ன்னாரு டொக்டர். "தகரம் மட்டும் இருந்தா இந்தத் துரு வராது. கீழ மனுசன் இருக்கணும். அடுப்பு எரியணும், ஈரத்துணி காயணும், மூச்சு மேல போகணும். இவங்க குடும்பம்தான் இந்தத் துருவுக்கு உரம்."

"அப்ப இவங்களுக்குப் பொறகு?"ன்னு மேஜர் கேட்டாரு.

தொரை தயானியைப் பாத்துச் சிரிச்சாரு. நல்ல மனசோடதான் சிரிச்சாரு. "இந்தா, புள்ள இருக்கே. இவ பேரையும் செக்ரோல்ல போடச் சொல்றேன்."

தயானி கொட்டிக் கெடந்த துணியைப் பையில அள்ளிப் போட்டுக்கிட்டே சொன்னா. "தொரை, எனக்கு இன்னும் கொஞ்சத்துல பஸ்ஸு. நான் கெம்பஸ் போறேன்."

டொக்டருக்கு விளங்கல. என்ன சொல்றான்னு லிங்கம் முதலாளிகிட்ட கேட்டாரு.

"ரொம்பச் சந்தோசமாம்"னாரு லிங்கம் முதலாளி.

துரு எப்பிடி வளருதுன்னு மன்றம் நேருல பாக்கணும்னாங்க. அடுப்பைப் பத்த வைக்கச் சொன்னாங்க. ஈர வெறகு. நெருப்புக்குச்சி அணைஞ்சு அணைஞ்சு போச்சு. அத்தனை நாளும் எங்களை வெளிய தள்ளிருவாங்களோன்னுதான் பயந்தேன். அன்னைக்கு அந்த அடுப்புக்கு முன்னால குந்தி ஊதுறப்பத்தான், போகவே விட மாட்டாங்களோங்கிற பயம் வந்திச்சு. அந்தப் பயம் வேற மாதிரி இருந்திச்சு.

புகை கெளம்பிச்சு. எல்லாரும் வெள்ளைக் கையைக் கட்டிக்கிட்டு அண்ணாந்து பாத்தாங்க. தயானி இருமுனா. "நல்லது, நல்லது"ன்னாரு டொக்டர்.

தயானி பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போயி கதவைத் தொறந்தா. கீழ் ரோட்டுல பஸ் ஹோர்ன் அடிக்கிறது கேட்டிச்சு.

மேஜர் அவளைத் திட்டல. பக்கத்துல போயி, வெள்ளை உறை போட்ட கையால கதவை மெதுவாச் சாத்துனாரு.

"பொறு மகள்"னாரு. "புகை வெளிய போகுது."